பகல் முழுக்க தனியே இருக்கும் தாத்தா, பாட்டிக்கு 'அன்புச்சோலை'... போதுமா 25 மையங்கள்?

காலை ஒன்பதரை மணி. மகன், மருமகள் வேலைக்குக் கிளம்பியாச்சு. பேரன் ஸ்கூல் வேன் ஏறியாச்சு. மன்னார்புரம் அபார்ட்மென்ட் ஒன்றில் கதவைச் சாத்திவிட்டு டி.வி-யை ஆன் செய்யும் தாத்தாவுக்கு, மாலை வரை பேச ஆள் கிடையாது. சாப்பாடு ஹாட்பாக்ஸில் இருக்கும், மாத்திரை டப்பாவில் இருக்கும். பக்கத்தில் மனுஷங்கதான் இருக்க மாட்டாங்க. நம் வீட்டிலும் இதே கதைதானே?

இந்தப் பகல் நேரத் தனிமைக்காக வந்ததுதான், 'அன்புச்சோலை' முதியோர் மனமகிழ் வள மையம். 25 மையங்கள், 10 கோடி ரூபாய் என 2025-26 தமிழக பட்ஜெட்டில் அறிவித்தார்கள். 2025 நவம்பர் 10-ம் தேதி திருச்சியில் முதல்வர் மு.க.ஸ்டாலின் தொடங்கிவைத்தார்.

முதியோர் இல்லம் அல்ல!

காலையில் போய், மாலையில் வீடு திரும்பிவிடலாம். யோகா, இயன்முறை சிகிச்சை, நூலகம், பொழுதுபோக்கு என நேரம் போகும். 'என்னை ஹோம்ல விடப்போறீங்களா?' என்று பெரியவர்கள் பயப்படத் தேவையில்லை. அதை முதலிலேயே அவர்களிடம் சொல்லிவிடுங்கள்.

எங்கே இடிக்கிறது?

2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பிலேயே தமிழகத்தில் 60 வயதைக் கடந்தவர்கள் சுமார் 75 லட்சம் பேர். 25 மையங்கள் என்றால், 3 லட்சம் பேருக்கு ஒன்று! அடுத்து, அங்கே போய்ச் சேருவது. சாதாரண டவுன் பஸ்ஸில் பாட்டிகளுக்கு டிக்கெட் இல்லை. தாத்தாக்களுக்கு உண்டு. மூத்த குடிமக்களுக்கு மாதம் 10 இலவச டோக்கன் என்ற சலுகை சென்னை மாநகரப் பேருந்துகளில்தான். மூட்டுவலியோடு பஸ் படி ஏறுவது தனிக் கஷ்டம். மையம் நடந்துபோகிற தூரத்தில் இருந்தால்தான் பலருக்கும் பயன்.

இதையும் தெரிஞ்சுக்கோங்க

* முதியோர் உதவித்தொகை 2023-ல் 1,200 ரூபாயாக உயர்ந்தது. கணக்குப் பார்த்தால் நாளைக்கு 40 ரூபாய்.

* பிள்ளைகள் கவனிக்கவில்லையா? 2007-ம் ஆண்டுச் சட்டப்படி கோட்டாட்சியரிடம் மனு கொடுக்கலாம். வக்கீல் தேவையில்லை. மாதம் 10,000 ரூபாய் வரை பராமரிப்புத் தொகை கிடைக்க வழி உண்டு.

* 'கவனித்துக்கொள்வேன்' என்ற நிபந்தனையோடு சொத்தை எழுதி வாங்கிவிட்டுக் கைவிட்டால், அந்தப் பத்திரத்தையே ரத்து செய்யக் கோரலாம்.

* உதவிக்கு 14567. காலை 8 முதல் இரவு 8 மணி வரை இலவசமாகப் பேசலாம்.

இந்த எண்ணை உங்கள் போனில் மட்டுமல்ல, தாத்தா பாட்டி போனிலும் சேவ் செய்துகொடுங்கள். அப்படியே பக்கத்தில் உட்கார்ந்து பத்து நிமிஷம் பேசிவிட்டு வாங்க!