திவ்யதேசம் இல்லாத மாவட்டம்

மதுரை மாவட்டத்தினின்று பிரிந்து 1985 செப்டம்பர் 15 அன்று உருவான திண்டுக்கல் மாவட்டத்தில், ஆழ்வார்களின் மங்களாசாஸனம் பெற்ற திவ்யதேசம் ஒன்றும் இல்லை. தென்கிழக்கே திருமாலிருஞ்சோலையும் வடகிழக்கே திருவரங்கமும் விளங்க, இடைப்பட்ட இந்நிலத்தை ஸ்ரீவைஷ்ணவன் எவ்வாறு நோக்க வேண்டும் என்று ஆராய்வது தகும்.

பிள்ளை லோகாசாரியர் ஸ்ரீவசனபூஷணத்தில் எம்பெருமானுடைய ஐந்து நிலைகளை ஐவகை நீராக வகுத்துக் காட்டியருளினார். பரத்வம் அண்டத்தைச் சூழ்ந்த நீர், வ்யூஹம் பாற்கடல், விபவம் ஒருகால் பெருகி வடியும் ஆறு, அந்தர்யாமித்வம் தோண்டியே பெறவேண்டிய நிலத்தடி நீர், அர்ச்சாவதாரமோ ஆறு வடிந்த பின்னும் விடாய்த்தவன் பருகுமாறு தேங்கி நிற்கும் மடு. இவ்வுவமையைக் கொண்டு இம்மாவட்டத்தைக் காணலாம்.

பழனிமலைத் தொடரில், கொடைக்கானலுக்கு அருகே பெருமாள்மலையை அடுத்துள்ளது பேத்துப்பாறை. அங்குப் பெருங்கற்காலத்துக் கற்திட்டைகள் உள்ளன. இம்மலைகளின் கற்திட்டைகளை ஆராய்ந்து அங்கிலேடும் நியூட்டனும் எழுதிய நூல் 1928இல் வெளிவந்தது. ஆழ்வார்களுக்கும் முற்பட்ட அம்மாந்தருக்கு இன்று நாம் ஸேவிக்கும் கோயில்கள் இல்லை. எனினும் நிலத்தடி நீர்போல் அந்தர்யாமியாய் அவன் அவர்களுள்ளும் உறைந்தான் என்பதே நம் ஸித்தாந்தம்.

மலையடிவாரச் சமவெளியில் மடுவும் உண்டு. திண்டுக்கல் மலைக்கோட்டையை 1605இல் முத்துக்கிருஷ்ணப்ப நாயக்கர் எழுப்பத் தொடங்கினார். அது பின்னர் ஹைதர் அலி, திப்பு, ஆங்கிலேயர் எனப் பலர் கைம்மாறியது. அந்நகருக்கு வடக்கே சுமார் 8 கி.மீ. தொலைவில், குடகனாற்றங்கரையில் உள்ள தாடிக்கொம்பில், கல்யாண ஸௌந்தரவல்லித் தாயாரோடு ஸௌந்தரராஜப் பெருமாள் எழுந்தருளியிருக்கிறார். திருமாலிருஞ்சோலை அழகனை நினைப்பூட்டும் திருநாமம். மண்டபத் தூண்களில் உலகளந்த திருக்கோலமும், கருடாரூடனும், இரணியனைப் பிளக்கும் நரசிங்கமும் பேருருவாய் நிற்கின்றன. கோட்டைக்கு உடையவர் மாறினர். கோயிலுக்கு உடையவன் மாறவில்லை.

இம்மலை நீரின் கதியும் நோக்கத்தக்கது. வடசரிவின் ஓடைகள் சண்முகநதி வழியாகவும், கீழ்ச்சரிவின் நீர் குடகனாறு வழியாகவும் அமராவதியைச் சேர்கின்றன. அமராவதி கரூருக்கு அப்பால் காவிரியிற் கலந்து அரங்கனைச் சூழ்கிறது. தென்சரிவின் நீர், சித்திரையில் கள்ளழகர் இறங்கியருளும் வைகையை அடைகிறது. ஆகவே பாடல் பெறாமை பற்றி இந்நிலத்தைக் கைங்கர்யத்துக்குப் புறம்பாக எண்ணுதல் பொருந்தாது. கொடைக்கானலின் குளிர்ச்சியை நாடிச் செல்வோர், வழியில் தாடிக்கொம்பையும் ஸேவித்துச் செல்வாராக.