செக்யூரிட்டி பையை சோதித்தால் போலீஸ் சோதனை ஆகுமா? சட்டம் சொல்வது இதுதான்

லாஸ்பேட்டை:

ஜவுளிக்கடை, கம்பெனி கேட், கல்லூரி வாசல் என எங்கே போனாலும் "பையை காட்டு" என்று செக்யூரிட்டி நிறுத்துகிறார். வேலை முடிந்து வீட்டுக்கு கிளம்பும் பெண்களையும் விடுவதில்லை. இவருக்கு போலீஸ் பவர் உண்டா?

இல்லை. 2005-ம் ஆண்டு தனியார் பாதுகாப்பு நிறுவனங்கள் ஒழுங்குமுறை சட்டப்படி, அரசு ஊழியர் அல்லாதவர் தரும் காவல்தான் தனியார் பாதுகாப்பு. போலீஸ் மாதிரி யூனிபார்ம் போட்டாலே 1 ஆண்டு ஜெயில் அல்லது ரூ.5 ஆயிரம் அபராதம், இல்லாவிட்டால் இரண்டும் கிடைக்கும். நிறுவன முதலாளியும் மாட்டுவார்.

சம்மதம் முக்கியம்

நீங்கள் சம்மதித்தால் பையை பார்க்கலாம். மறுத்தால் உள்ளே விடாமல் இருக்கலாம். ஆனால் பலவந்தமாக உடம்பை தடவி சோதிக்க முடியாது. ரூமில் பூட்டி வைத்தால் பி.என்.எஸ். 127-வது பிரிவில் கேஸ் பாயும்.

பிடித்து வைக்கலாமா?

ஜாமீனில் விட முடியாத, போலீஸ் நேரடியாக கைது செய்யக்கூடிய குற்றம் கண்ணெதிரே நடந்தால் யார் வேண்டுமானாலும் பிடிக்கலாம். ஆனால் தாமதம் இல்லாமல், 6 மணி நேரத்துக்குள் போலீசில் ஒப்படைக்க வேண்டும் (பி.என்.எஸ்.எஸ். 40-வது பிரிவு). சந்தேகம் மட்டும் போதாது.

எப்போது போலீஸ் சோதனை?

போலீஸ்காரர் கூடவே நின்று, அவர் சொல்லி செக்யூரிட்டி சோதித்தால் கதை வேறு. அது போலீஸ் சோதனைதான், சாட்சிகள், வீடியோ பதிவு எல்லாம் வேண்டும் என்று கோர்ட்டில் வாதாடலாம். கைதான பெண்ணை சோதிப்பது என்றால் இன்னொரு பெண்தான், அதுவும் கண்ணியமாக சோதிக்க வேண்டும். சென்னை விமான நிலையத்தில் நிற்கும் சி.ஐ.எஸ்.எப். வீரர்கள் தனியார் செக்யூரிட்டி அல்ல. அவர்கள் மத்திய அரசின் படை.

கொல்லத்தில் நடந்தது

2022 ஜூலை 17-ந்தேதி கேரள மாநிலம் கொல்லம் மாவட்டம் ஆயூரில் நீட் தேர்வு எழுத வந்த மாணவிகளை உள்ளாடையை கழற்ற சொன்னதாக புகார் எழுந்தது. 2 நாளில் 5 பெண்கள் கைதானார்கள். அதில் 3 பேர் சோதனைக்கு அமர்த்தப்பட்ட ஏஜென்சி ஊழியர்கள். பாதிக்கப்பட்ட மாணவிகளுக்கு செப்டம்பர் 4-ந்தேதி மறுதேர்வு நடந்தது. மேலிடம் சொன்னது என்று சொன்னாலும், சோதித்தவர் தப்ப முடியாது என்பது குறிப்பிடத்தக்கது.

என்ன செய்யலாம்?

சண்டை போட வேண்டாம். செக்யூரிட்டியின் பெயர், ஏஜென்சி பெயர், நேரத்தை குறித்துக்கொள்ளுங்கள். "போலீசை கூப்பிடுங்க, அவங்க முன்னாடி காட்டுறேன்" என்று சொல்லலாம். அடைத்து வைத்தால் உடனே 112-க்கு போன் பண்ணுங்க.