ஏர் கூலரா, ஏ.சி.யா? கடைக்குப் போகும் முன் உங்கள் ஊர்க் காற்றைக் கவனியுங்கள்

ஒரு மே மாதம் வேலூரில் இருக்கும் அக்கா வீட்டுக்குப் போயிருந்தேன். வெளியே 40 டிகிரி. ஹாலில் ஜன்னலோரம் ஒரு ஏர் கூலர் ஓடிக்கொண்டிருந்தது. மதியச் சாப்பாடு முடிந்து அதற்கு எதிரே பாயை விரித்துப் படுத்தவன், சாயங்காலம் காபிக்கு எழுப்பும்வரை எழுந்திருக்கவில்லை. அவ்வளவு சுகம். சென்னைக்குத் திரும்பிய கையோடு அதே மாடல் கூலரை வாங்கிக்கொண்டு வந்து படுக்கையறையில் வைத்தேன். முதல் நாள் ராத்திரி ஒரு மணிக்கு அப்பா எழுந்து உட்கார்ந்துவிட்டார். "இதை நிறுத்துடா. மேலெல்லாம் பிசுபிசுன்னு இருக்கு. இதுக்கு ஃபேனே தேவலை."

கூலரில் எந்தப் பழுதும் இல்லை. அக்கா வீட்டில் ஓடியதும் இதுவும் ஒரே மிஷின்தான். ஊர்தான் வேறு.

இந்த விஷயம் புரியாமல்தான் வருடா வருடம் கோடையில் பலர் பணத்தை விடுகிறார்கள். கூலரே போதும் என்ற ஊரில் கடன் வாங்கி ஏ.சி. மாட்டுபவர்களும் உண்டு, கூலரால் ஒரு பிரயோஜனமும் இல்லாத ஊரில் 'கரண்ட் பில் கம்மியாச்சே' என்று கூலர் வாங்கி ஏமாறுபவர்களும் உண்டு.

மண்பானையும் கூலரும் ஒரே ஜாதி

மண்பானைத் தண்ணீர் ஏன் ஜில்லென்று இருக்கிறது? பானையின் நுண்துளைகள் வழியே கசியும் நீர் வெளிப்பக்கத்தில் ஆவியாகிறது. ஆவியாக வெப்பம் வேண்டும். அந்த வெப்பத்தைப் பானையிலிருந்தும் உள்ளே இருக்கும் தண்ணீரிலிருந்தும் எடுத்துக்கொள்கிறது. கூலர் செய்வதும் இதையேதான். தொட்டியில் இருக்கும் தண்ணீரை ஒரு சின்ன பம்ப் மேலே ஏற்றி, தேன்கூடு மாதிரி இருக்கும் அட்டை மீதோ மர இழை மீதோ வழியவிடுகிறது. ஃபேன் வெளிக்காற்றை அதன் வழியாக இழுக்கிறது. தண்ணீர் ஆவியாகி, காற்று குளிர்ந்து உள்ளே வருகிறது. அந்தக் காலத்தில் வெட்டிவேர் தட்டியை வாசலில் கட்டித் தண்ணீர் தெளித்தது இதேதான், மோட்டார் மட்டும் கிடையாது.

மழைக்காலத்தில் மண்பானைத் தண்ணீர் அவ்வளவாகக் குளிர்வதில்லை என்பதைக் கவனித்திருப்பீர்கள். காற்றில் ஏற்கெனவே ஈரம் நிரம்பியிருந்தால் மேற்கொண்டு தண்ணீர் ஆவியாக இடமில்லை. கூலருக்கும் அதே கதி. மே மாத மதியம் வேலூர்க் காற்றில் ஈரம் ரொம்பக் குறைவு. கடலோரச் சென்னையின் ராத்திரிக் காற்று, மழை பெய்யாவிட்டாலும் ஈரத்தில் ஊறித்தான் இருக்கும்.

இதை எண்ணாகவும் பார்க்கலாம். ஈரத் துணி சுற்றிய வெப்பமானி மீது காற்று வீசினால் அது காட்டும் அளவை 'ஈரக்குமிழ் வெப்பநிலை' என்பார்கள். எவ்வளவு விலை கொடுத்து வாங்கிய கூலரானாலும் இந்த அளவுக்குக் கீழே காற்றைக் குளிர்விக்க முடியாது. நல்ல அட்டை போட்ட கூலர், சாதா வெப்பநிலைக்கும் ஈரக்குமிழ் வெப்பநிலைக்கும் உள்ள இடைவெளியில் முக்கால் பங்கு வரை இறக்கும்.

வெளியே 40 டிகிரி, ஈரப்பதம் 25 சதவீதம் என்று வைத்துக்கொள்வோம். ஈரக்குமிழ் அளவு 24 டிகிரியை ஒட்டி வரும். இடைவெளி 16. ஆக, கூலரிலிருந்து 28 டிகிரிக் காற்று கிடைக்கும். அக்கா வீட்டில் நான் தூங்கிப்போனதன் ரகசியம் இதுதான். சென்னையில் ராத்திரி 32 டிகிரி, ஈரப்பதம் 75 சதவீதம் என்றால் ஈரக்குமிழ் அளவே 28. இடைவெளி வெறும் 4. கூலர் மாங்கு மாங்கென்று ஓடினாலும் 29 டிகிரிக்குக் கீழே தராது. அதைவிட மோசம், வரும் காற்றின் ஈரப்பதம் 90 சதவீதத்தைத் தாண்டியிருக்கும். நம் உடம்பும் வியர்வையை ஆவியாக்கித்தான் குளிர்கிறது. அந்த ஈரக் காற்றில் வியர்வை காயாது. அப்பா சொன்ன 'பிசுபிசு' அதுதான். வயதானவர்கள், கைக்குழந்தைகள், இதய நோயாளிகள் இருக்கும் வீட்டில் இதை வெறும் அசௌகரியம் என்று தள்ளிவிட முடியாது. வியர்வை காயாமல் போனால் உடம்பின் சூடு இறங்க வழியில்லை.

ஏ.சி.க்கு வெளியே சொட்டுகிற தண்ணீர்

ஏ.சி. போடும்போது வெளிக்குழாயில் சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் விழுமே, அது எங்கிருந்து வருகிறது? உங்கள் அறைக் காற்றில் இருந்த ஈரம் அது. ஏ.சி.க்குள் இருக்கும் குளிர்ந்த சுருள்குழாய் மீது காற்று படும்போது, ஜில்லென்ற டம்ளரின் வெளிப்புறம் வியர்ப்பதுபோல, ஈரம் தண்ணீராகப் படிந்து வெளியேறுகிறது. கூலர் அறைக்குள் தண்ணீரைச் சேர்க்கிறது; ஏ.சி. அறையிலிருந்து தண்ணீரை எடுக்கிறது. கடலோர ஊரில் நமக்கு வேண்டியது இரண்டாவது. அதனால்தான் ஏ.சி.யை 27 டிகிரியில் வைத்து மெதுவாக ஃபேன் போட்டால்கூட நிம்மதியாகத் தூங்க முடிகிறது. 18-க்கு இறக்கிவிட்டுப் போர்வையைத் தேடுவது வீண். ஒரு டிகிரி கூட்டி வைத்தால் ஏறத்தாழ 6 சதவீதம் மின்சாரம் மிச்சம் என்பது மத்திய அரசின் எரிசக்தித் திறன் அமைப்பு (பி.இ.இ.) சொல்லும் கணக்கு.

ஏ.சி. விஷயத்தில் பலருக்கும் குழப்பம் தருவது 'டன்'. அது மிஷினின் எடை கிடையாது. ஒரு டன் ஐஸ் 24 மணி நேரத்தில் உருக எவ்வளவு வெப்பம் தேவையோ, அவ்வளவு வெப்பத்தை அறையிலிருந்து வெளியேற்றும் திறன். கிட்டத்தட்ட 3.5 கிலோவாட். பத்துக்குப் பத்து அறைக்கு 1 டன் போதும். மேலே மொட்டை மாடி, மேற்கே வெயில் படும் சுவர் என்றால் 1.5 டன் பார்க்கலாம்.

ஐஸ் என்றதும் ஞாபகம் வருகிறது. 'கூலர் தொட்டியில் ஐஸ் கட்டி போட்டால் ஏ.சி. மாதிரி குளிரும்' என்று வீடியோ போடுகிறார்கள். ஒரு கிலோ ஐஸ் உருகும்போது இழுக்கும் வெப்பம், 1 டன் ஏ.சி. ஒன்றரை நிமிடத்தில் வெளியேற்றும் வெப்பத்துக்குத்தான் சமம். ஒரு லிட்டர் தண்ணீர் ஆவியாவது அதைப் போல ஏழு மடங்கு வெப்பத்தை இழுக்கும். ஐஸ் பண்ண ஃபிரிட்ஜ் சாப்பிட்ட கரண்ட்டும், அது சமையலறையில் கக்கிய சூடும்தான் மிச்சம். மேஜை மீது வைக்கும் குட்டிக் கூலர்களைப் பற்றியும் இதே அபிப்பிராயம்தான் எனக்கு. முகத்துக்கு நேரே கொஞ்சம் காற்று வரும், அவ்வளவே.

பில் எகிறுவது எங்கே?

தமிழ்நாட்டில் வீட்டு மின்கட்டணம் இரண்டு மாதத்துக்கு ஒருமுறை, அடுக்கு முறையில். ஏ.சி. வாங்குபவர்கள் பெரும்பாலும் தவறவிடுவது இந்த அடுக்கைத்தான். 'எட்டு மணி நேரம் ஓடினா இத்தனை யூனிட், யூனிட்டுக்கு அஞ்சு ரூபா' என்று மனக்கணக்குப் போட்டால் பில் வரும் நாளில் தூக்கிவாரிப் போடும்.

ஏ.சி. மீது ஒட்டியிருக்கும் நட்சத்திர லேபிளில் வருடாந்திர யூனிட் என்று ஒரு எண் இருக்கும். அது 1,600 மணி நேரம் ஓடுவதற்கான கணக்கு. அந்த எண்ணை 1,600-ஆல் வகுத்தால் சராசரியாக ஒரு மணி நேரச் செலவு கிடைக்கும். 1.5 டன், 5 ஸ்டார் இன்வெர்ட்டர் என்றால் அரை யூனிட் சொச்சம் வரும். நம் கோடைக்குக் கொஞ்சம் கூட்டி 0.6 என்று வைப்போம். தினம் 8 மணி நேரம், 60 நாள்: 288 யூனிட். கூலர் சுமார் 150 வாட். அதே நேரத்துக்கு 72 யூனிட்.

ஏ.சி. இல்லாமல் இரண்டு மாதத்துக்கு 380 யூனிட் ஓடும் வீடு என்று எடுத்துக்கொள்ளுங்கள். கூலர் வந்தால் 452. இன்னும் 500-க்குள்தான் இருக்கிறோம். கூடுதல் செலவு 400 ரூபாய் சொச்சம். ஏ.சி. வந்தால் 668. இங்கேதான் இரண்டு அடி விழுகிறது. 500-க்கு மேற்பட்ட யூனிட்டுகள் 8 ரூபாய்க்கு மேலும், 600-க்கு மேற்பட்டவை 9 ரூபாய்க்கு மேலும் போகின்றன. போதாததற்கு, 500-ஐத் தாண்டிய வீட்டுக்கு 101 முதல் 200 வரையிலான யூனிட்டுகளுக்குக் கிடைத்துவந்த சலுகை விலையும் பறிபோகிறது. 2024 ஜூலைக் கட்டண உயர்வுக்குப் பிந்தைய அடுக்குகளை வைத்துப் பார்த்தால் கூடுதல் செலவு 2,300-லிருந்து 2,500 ரூபாய் வரை வரும். யூனிட் நான்கு மடங்குதான். பணமோ ஐந்தாறு மடங்கு.

வாடகை வீட்டுக்காரர்களுக்கு இன்னொரு சிக்கல். வீட்டு ஓனர் தனி விலை வைத்து யூனிட்டுக்கு இவ்வளவு என்று வசூலிக்கும் இடங்களில் மேலே சொன்ன கணக்கு செல்லாது. அவர் சொல்லும் விலையால் பெருக்கிப் பாருங்கள். சுவரில் ஓட்டை போட அனுமதி, ஏ.சி.க்குத் தனி ஒயர், எர்த் எல்லாவற்றையும் பேசிவிட்டுக் கடைக்குப் போவது நல்லது.

அப்படியானால் எந்த ஊருக்கு எது?

வேலூர், திருவண்ணாமலை, சேலம், ஈரோடு, கரூர், திருச்சி, மதுரை மாதிரியான உள்மாவட்டங்களில் மார்ச் முதல் ஜூன் வரை பகலில் கூலர் நன்றாகவே வேலை செய்யும். சென்னை, கடலூர், நாகப்பட்டினம், தூத்துக்குடிப் பக்கம் ராத்திரித் தூக்கத்துக்கென்று கூலர் வாங்குவது எனக்குச் சரியாகப் படவில்லை. பணம் இருந்தால் ஏ.சி.; இல்லையென்றால் நல்ல ஃபேன் ஒன்றை வாங்கி மிச்சத்தைக் கையில் வைத்திருக்கலாம். சென்னையிலும் ஒரு விதிவிலக்கு உண்டு. மே கடைசி, ஜூன் தொடக்கத்தில் மேற்குக் காற்று பலமாக அடித்து, கடல்காற்று உள்ளே வராமல் வறுத்தெடுக்கும் மதியங்கள். அப்போது கூலர் திடீரென்று உயிர் பெறும். கடல்காற்று நுழைந்ததும் மறுபடி அதே பிசுபிசுப்பு.

சந்தேகமாக இருந்தால் வீட்டிலேயே சோதித்துப் பார்க்கலாம். சுவரில் மாட்டும் சாதா வெப்பமானி ஒன்று போதும். முதலில் அறை வெப்பநிலையைக் குறித்துக்கொள்ளுங்கள். பிறகு அதன் குமிழில் ஈரப் பருத்தித் துணியைச் சுற்றி, ஃபேன் காற்றில் பத்து நிமிடம் வையுங்கள். பத்து டிகிரிக்கு மேல் இறங்கினால் கூலரைத் தைரியமாக வாங்கலாம். நாலைந்து டிகிரிதான் என்றால் வேண்டாம். கூலர் எந்த நேரத்துக்குத் தேவையோ அந்த நேரத்தில் சோதிப்பது முக்கியம். மதியம் பார்த்துவிட்டு ராத்திரிக்கு வாங்கக் கூடாது.

கூலர் வாங்கியவர்களுக்கு

உள்மாவட்டத்திலேயே 'எங்க வீட்ல கூலர் சரியில்லை' என்பவர்கள் பெரும்பாலும் ஏ.சி. போல நினைத்துக் கதவு, ஜன்னல் எல்லாவற்றையும் சாத்திவிட்டு ஓட்டுபவர்கள். மூடிய அறையில் கூலர் தன் ஈரக் காற்றையே திரும்பத் திரும்ப இழுக்கும். அரை மணி நேரத்தில் வேலூரும் சென்னையாகிவிடும். கூலரின் முதுகு திறந்த ஜன்னலைப் பார்த்திருக்க வேண்டும். எதிர்ப்பக்கம் இன்னொரு ஜன்னலோ கதவோ திறந்திருக்க வேண்டும்.

உப்புத் தண்ணீர் என்றால் அட்டையில் வெள்ளையாகப் படிந்து அடைத்துக்கொள்ளும். தொட்டியில் மிஞ்சும் தண்ணீரை அவ்வப்போது முழுசாக வடித்துவிட்டுப் புதுத் தண்ணீர் ஊற்றினால் அட்டை கூடுதல் காலம் உழைக்கும். இதைவிட முக்கியம் கொசு. டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் கொசுவுக்குக் கூலர் தொட்டி பிடித்தமான இடம். வாரம் ஒருமுறை தண்ணீரைக் கொட்டினால் மட்டும் போதாது, தொட்டியின் உட்சுவரை பிரஷ்ஷால் தேய்க்கவும் வேண்டும். முட்டைகள் சுவரில் ஒட்டிக்கொண்டு, காய்ந்தாலும் மாதக்கணக்கில் சாகாமல் இருக்கும். சீசன் முடிந்து மூட்டைகட்டும் முன்னும் இதைச் செய்யுங்கள்.

இரும்பு உடம்புக் கூலர் வைத்திருப்பவர்கள் எர்த் இணைப்பை எலெக்ட்ரீஷியனை வைத்துப் பார்த்துவிடுங்கள். தண்ணீர் ஊற்றும்போது சுவிட்சை அணைத்தால் மட்டும் போதாது, பிளக்கையே பிடுங்கிவிட வேண்டும். ஈரக் கையோடு ஓடும் கூலரைத் தொட்டு ஷாக் அடித்து இறந்த செய்தி கோடைதோறும் எங்கிருந்தாவது வந்துகொண்டுதான் இருக்கிறது. வீட்டு மெயினில் ஆர்.சி.சி.பி. இல்லையென்றால் கூலருக்கு முன்னால் அதை வாங்குங்கள்.

என் வீட்டுக் கதை? ஒரே ஒரு அறைக்கு 1 டன் ஏ.சி. போட்டோம். கோடை ராத்திரிகளில் எல்லோரும் அந்த அறையில்தான் படுக்கிறோம். ரிமோட் அப்பாவிடம். 26-க்குக் கீழே இறக்க விடமாட்டார். கூலரை அக்கா வீட்டுக்கே அனுப்பிவிட்டேன். இப்போது அங்கே ஹாலில் ஒன்று, மாமா அறையில் ஒன்று.