விட்டதைப் பிடிக்கும் நோய்

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, 61 நாள், சென்னை காசிமேட்டில் விசைப்படகுகள் கடலுக்குப் போகாது. மீன்பிடி தடைக்காலம். படகுக்குப் பெயின்ட் அடிப்பார்கள், வலை தைப்பார்கள். வெயில் ஏறினால் படகு நிழலில் நாலு பேர் கோணியை விரித்துச் சீட்டைக் கலைப்பார்கள். அப்படி ஓர் ஆட்டத்தின் ஓரமாக ஒருநாள் நின்றிருந்தேன். சட்டைப்பையைத் துழாவிக்கொண்டிருந்தவரிடம், "போதும், வூட்டுக்குக் கெளம்பு நைனா" என்றார் பக்கத்திலிருந்த பெரியவர். தலை நிமிராமல் பதில் வந்தது: "இருண்ணே, வுட்டத புடிச்சிட்டு வர்றேன்."

ராயபுரத்துப் பேச்சில் அது சாதாரண வார்த்தை. மனநல மருத்துவத்தில் அது ஒரு நோயின் அறிகுறி. அமெரிக்க மனநல மருத்துவச் சங்கத்தின் கையேடு 1980இல் மிதமிஞ்சிய சூதாட்டத்தை நோய்களின் பட்டியலில் சேர்த்தது. 2013இல் வந்த ஐந்தாம் பதிப்பு அதைக் குடி, போதை அடிமைத்தனங்களின் பக்கத்தில் கொண்டுபோய் வைத்தது. மொத்தம் ஒன்பது அறிகுறிகள். ஓராண்டுக்குள் நாலு தென்பட்டால் நோய். தோற்றதை மீட்க மறுநாளும் வந்து உட்காருவது அந்த ஒன்பதில் ஒன்று.

இந்தப் பட்டியலைத் துறைமுகத்தில் வாசித்துக் காட்டினால் யார் காதிலும் ஏறாது. அதே ஆட்கள் திரௌபதி அம்மன் கோயில் திருவிழாவில் பாரதக் கூத்தை விடிய விடியப் பார்ப்பார்கள். தருமன் பகடை உருட்டும் இரவை மருத்துவர் கண்ணோடு திருப்பிச் சொல்லிப் பாருங்கள். முதலில் முத்து, பொன், தேர். பிறகு யானை, குதிரை, நாடு. அப்புறம் நகுலன், சகாதேவன், அருச்சுனன், வீமன், தான். கடைசியில் திரௌபதி. ஒவ்வொரு தோல்விக்கும் பந்தயம் ஏறுகிறது. குடும்பத்தையே அடகு வைப்பதுவரை நோய் எப்படிப் படிப்படியாகப் போகும் என்பதை இதைவிடத் தெளிவாக எந்தப் பாடநூலும் காட்டிவிடாது.

சகுனியின் காய் மாயக்காய் என்று சொல்லி நாம் தருமனைத் தப்பவிட்டுவிடுகிறோம். வியாச பாரதத்தில் அதற்குப் பிறகு நடப்பதைக் கவனியுங்கள். திரௌபதி கேட்ட வரத்தால் விடுதலை கிடைக்கிறது, திருதராட்டிரன் சொத்தையும் திருப்பித் தருகிறான். ஊர் போய்ச் சேருவதற்குள் மறுபடி ஆள் வருகிறது. தருமன் மறுபடி போய் உட்காருகிறான். பன்னிரண்டு ஆண்டு காடு, ஓராண்டு தலைமறைவு. அறத்தையே பெயராகக் கொண்ட ஆளுக்கு இது நடந்தது என்றால், சீட்டு ஆடுகிறவனைக் 'குணம் கெட்டவன்' என்று திட்டி என்ன பயன்?

திருக்குறளில் சூதுக்குத் தனி அதிகாரம் இருக்கிறது, 94ஆவது. சூதில் வரும் வெற்றியை மீன் விழுங்கிய தூண்டில் என்கிறது முதல் குறள். காசிமேட்டுக்காரருக்கு உரை தேவையில்லாத உவமை. தோற்கத் தோற்க ஆசை கூடும் என்ற உண்மை கடைசிக் குறளில் இருக்கிறது. அதன் காரணத்தில் ஒரு பங்கைக் கேம்பிரிட்ஜில் லூக் கிளார்க் குழு 2009இல் காட்டியது. சூதாட்ட இயந்திரம் போன்ற ஓர் ஆட்டத்தை ஆடவைத்து மூளையைப் படம் பிடித்தார்கள். மயிரிழையில் தவறிய ஆட்டம், ஜெயித்தபோது கிளர்ந்த பகுதிகளையே கிளப்பியது. அது ஆடியவருக்குப் பிடிக்கவில்லை, ஆனால் இன்னொரு முறை ஆடத் தூண்டியது. ரம்மியில் ஒரே ஒரு சீட்டுக்குக் காத்திருந்து தோற்றவருக்கு இது புரியும். அந்தச் சீட்டுக்கட்டு இப்போது செல்போனுக்குள்ளும் போய்விட்டது. பணம் கட்டி ஆடும் இணைய விளையாட்டுகளுக்கு 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றம் தடைச் சட்டம் போட்டிருக்கிறது. நோயைத் தீர்ப்பது சட்டத்தின் வேலையில்லை.

நோயைச் சொல்ல மேலை மருத்துவர்களும் தேவதைக் கதைகளை எடுத்திருக்கிறார்கள். முடியை விழுங்கி விழுங்கி அது வயிற்றில் பந்தாகத் திரண்டு, குடல்வரை வாலாக நீள்வதற்கு 1968இல், கதையில் வரும் நீளக் கூந்தல்காரியை வைத்து, ராபுன்சல் நோய்க்குறி என்று பெயர் வைத்தார்கள். கடன் வாங்கியது பெயரை மட்டும்தான். கதையையே பாடமாக்கியவர் நம் நாட்டு மனநல மருத்துவர் என். என். விக். தன் பலத்தை மறந்த அனுமனுக்குக் கடற்கரையில் சாம்பவான் அதை நினைவூட்டும் கட்டத்தை உளச்சிகிச்சைக்கு விளக்கமாக வைத்து, 2004இல் இந்திய மனநல மருத்துவ இதழில் எழுதினார். வைத்தியர் புதிதாகப் பலம் ஊட்டுவதில்லை. உள்ளே இருப்பதை எடுத்துச் சொல்கிறார்.

பாரதத்துக்குள்ளேயே இப்படி ஒரு சிகிச்சை நடக்கிறது. காட்டில் தருமன், என்னைப்போல் கெட்டவன் உண்டா என்று புலம்புகிறான். பிருகதசுவ முனிவர் அவனுக்குச் சொல்லும் பதில்தான் நளன் கதை. கலி பிடித்த நளன் மாதக்கணக்கில் ஆடுகிறான். மனைவியும் அமைச்சரும் வந்து நின்றும் திரும்பிப் பார்க்கவில்லை. தமயந்தி அழுதுகொண்டு நிற்காமல் பிள்ளைகளைத் தாய்வீட்டுக்கு அனுப்பிவிடுகிறாள். சூதாடி வீட்டுப் பெண்களுக்கு நான் முதலில் சொல்ல விரும்புவது இந்த இடத்தைத்தான்.

பின்னால், நளன் தேரோட்டியாக வேலை பார்க்கும் அரசன் இருதுபன்னன் ஒரு தான்றி மரத்தின் இரண்டு கிளைகளைப் பார்த்து, 2,095 காய் என்கிறான். நளன் தேரை நிறுத்தி எண்ணிப் பார்க்கிறான், சரியாக இருக்கிறது. எண்ணும் கலையையும் பகடையின் நுட்பத்தையும் கற்றதும் கலி அவனை விட்டு இறங்குகிறது. நிகழ்தகவின் வரலாற்றை எழுதிய இயன் ஹேக்கிங் 1975இல் இந்தக் கதையை வியப்போடு எடுத்துக்காட்டினார். ஆட்டத்தின் கணக்கு புரிந்தால் 'அடுத்தது எனக்குத்தான்' என்ற நம்பிக்கை கலையும். இன்றைய சிகிச்சையிலும் அது ஒரு பகுதி.

சிக்கல் அதற்கு அப்புறம் வருகிறது. நளன், சூதில் தன் நாட்டைப் பறித்த புட்கரனோடு மறுபடி ஆடி அதை ஜெயிக்கிறான். அதாவது, விட்டதைப் பிடித்துவிடுகிறான்! படகு நிழலில் உட்கார்ந்தவரிடம் இந்த முடிவைச் சொன்னால் மறுநாள் காலை தாலிச்சரடு அடகுக்கடைக்குப் போகும். அதனால் நான் சொல்லும்போது கதையைத் தான்றி மரத்தடியிலேயே நிறுத்திவிடுவேன்.

வீட்டில் யாராவது விட்டதைப் பிடிக்கக் கிளம்பியிருந்தால் மந்திரிக்க அழைத்துப் போகாதீர்கள். ராயபுரம் பக்கத்து ஸ்டான்லி அரசு மருத்துவமனையில் மனநலப் பிரிவு இருக்கிறது. நேரில் போகத் தயங்கினால் 'டெலி மனாஸ்' உதவி எண் 14416. கட்டணம் இல்லை, ராத்திரியிலும் எடுப்பார்கள்.