உங்களுக்குத் தெரியுமா? அசைந்தால்தான் தெரியும் நெருக்கடி!

கழுத்தை நேராக வைத்து எடுத்த எம்.ஆர்.ஐ. படத்தில் தண்டுவடம் நன்றாகவே தெரியலாம். சிலருக்கு நெருக்கடி அசைவில்தான் வெளிப்படும். கழுத்தெலும்பு தேய்ந்தவர்கள் அண்ணாந்தால், எலும்புகளை இணைக்கும் நார் உள்பக்கம் மடிந்து தண்டுவடத்தை அழுத்தக்கூடும். இளைஞர்களின் கைத்தசையை வற்றவைக்கும் ஹிராயாமா நோயில் இதற்கு நேர்மாறு. குனியும்போது தண்டுவட உறை முன்னே நகர்ந்து நெருக்கும். 1959இல் ஜப்பானில் விவரிக்கப்பட்ட இந்நோய் இந்தியாவிலும் உண்டு. நெருக்கடி இப்படி அசைவில் தெரிவதால்தான் தலைக்கு அண்டை கொடுத்து, குனிந்தும் அண்ணாந்தும் படமெடுக்கிறார்கள். கதிர்வீச்சு இல்லை என்பது பெரிய ஆறுதல்.

சட்டைப் பொத்தான் போட விரல் தடுமாறுகிறதா? அது தண்டுவட நெருக்கடியாகவும் இருக்கலாம். புதுச்சேரிக்காரர்களே, தள்ளிப்போடாதீர்கள். 1823இல் பிரெஞ்சுக்காரர்கள் தொடங்கிய மருத்துவப் பள்ளியின் வழிவந்த ஜிப்மர் மருத்துவமனை கோரிமேட்டிலேயே இருக்கிறது. நரம்பியல் மருத்துவரிடம் காட்டுங்கள்.