உங்களுக்குத் தெரியுமா? புதியவருக்கு ஏற்றது நியூ மெக்சிகோ

அமெரிக்காவில் பாலைவனப் பெருங்கொம்பு ஆட்டை வேட்டையாடும் அனுமதிச் சீட்டு பெரும்பாலும் குலுக்கலில்தான் கிடைக்கும். எந்த மாநிலத்தில் விண்ணப்பிப்பது? இந்த ஆடுகள் மிகுதியாக வாழும் நெவாடாவையே பலரும் சொல்வார்கள். ஆனால் அங்கே சீட்டு விழாத ஒவ்வோர் ஆண்டுக்கும் ஒரு புள்ளி சேர்கிறது. குலுக்கலில் அந்தப் புள்ளிகளின் வர்க்கமும், நடப்பு விண்ணப்பத்துக்கான ஒன்றும் சேர்ந்ததே கணக்கு. 10 புள்ளி வைத்திருப்பவருக்கு 101 வாய்ப்பு, புதியவருக்கு ஒன்றே ஒன்று. நியூ மெக்சிகோவிலோ புள்ளிமுறையே கிடையாது. இருபது ஆண்டு காத்திருந்தவரும் இன்று வந்தவரும் சமம். வெளிமாநிலத்தவருக்கு அங்கே ஒதுக்கீடு மிகக் குறைவு என்பது நியாயமான ஆட்சேபம்தான். ஆயினும் அந்தச் சிறு பங்கிலும் பழைய விண்ணப்பதாரருக்குச் சலுகை இல்லை. இளவயதினர் நெவாடாவிலும் இப்போதே புள்ளி சேர்க்கலாம். ஐம்பதைக் கடந்து முதன்முறை விண்ணப்பிப்பவர் நியூ மெக்சிகோவைத் தவறவிடக் கூடாது.