சூப்பைச் சாப்பிடுவதா, குடிப்பதா?

ஆங்கிலம் கற்கும் நம்மவர்கள் பலர் சூப் என்றதும் 'டிரிங்க்' என்று எழுதிவிடுகிறார்கள். நீராக இருந்தால் குடிப்பது, கெட்டியாக இருந்தால் சாப்பிடுவது என்பது அவர்கள் கணக்கு. ஆங்கிலேயரோ கிண்ணத்திலிருந்து கரண்டியால் எடுக்கும் சூப்புக்கு 'ஈட்' என்கிறார்கள். அதையே கோப்பையில் ஊற்றி உதட்டில் வைத்தால் 'டிரிங்க்'. பண்டம் ஒன்றுதான், வினைதான் மாறுகிறது. ஆக, அங்கே சொல்லைத் தீர்மானிப்பது பண்டத்தின் தன்மை அல்ல. கையும் வாயும் செய்யும் வேலை. கொறித்தால் 'நிபில்', மொறுமொறுவென மென்றால் 'மன்ச்', தேநீரைச் சிறிது சிறிதாக உறிஞ்சினால் 'சிப்', அதையே சத்தம் வர உறிஞ்சினால் 'ஸ்லர்ப்', மடக்மடக்கென்று குடித்தால் 'கல்ப்'.

அப்படியானால் மருந்து மட்டும் ஏன் விதிவிலக்கு என்று கேட்கலாம். மாத்திரையை விழுங்குகிறோம், டானிக்கைக் குடிக்கிறோம். ஆங்கிலத்தில் இரண்டுக்கும் 'டேக்' ஒன்றே போதும். உண்மையில் இது விதிவிலக்கு அல்ல. மருந்தில் முக்கியம் வேளாவேளைக்கு உள்ளே போவதுதான். போகும் விதம் அல்ல. விதம் முக்கியமில்லாதபோதும் பல விதங்கள் கலந்திருக்கும்போதும் பொதுவினைதான் பொருந்தும். தொல்காப்பியச் சொல்லதிகாரமே இதை விதியாக்கியிருக்கிறது. 'அடிசில்' என்பதில் உண்பன, தின்பன, பருகுவன, நக்குவன எல்லாம் அடங்குவதால், அடிசிலைத் தின்றார் என்றோ பருகினார் என்றோ சொல்லாமல் 'அயின்றார்' என்று பொதுவாகச் சொல்ல வேண்டும் என உரையாசிரியர்கள் விளக்குகிறார்கள். இட்லியும் காபியும் சேர்ந்த காலை உணவுக்கு ஆங்கிலத்தின் 'ஹேவ்' செய்வதும் இதே வேலைதான். 'ஈட்' என்றாலும் பிழையில்லை. ஆனால் 'ஹேவ்' காபியையும் சேர்த்துக்கொள்கிறது.

'டேக் ஃபுட்' என்றால் இந்தியாவில் எல்லோருக்கும் புரிகிறதே, பிறகென்ன என்பது அடுத்த வாதம். நியாயமானதுதான். தேநீருக்கு 'டேக்' போடுவது பழைய பிரிட்டிஷ் வழக்கு. தேநீரில் சர்க்கரை சேர்ப்பீர்களா என்று கேட்க அந்தச் சொல் இன்றும் உயிரோடு இருக்கிறது. ஆனால் சாப்பாட்டோடு அது சேரும்போது, வெளிநாட்டுக் காதுக்கு மருந்து நினைவோ, பொட்டலம் கட்டி எடுத்துப்போகும் நினைவோதான் வரும். மரியாதை என்று எண்ணி 'கன்ஸ்யூம்' போடுவது அதைவிடச் சங்கடம். அது அறிக்கைக்கும் மருத்துவக் குறிப்புக்கும் உரிய சொல், விருந்தாளியை உபசரிக்க உதவாது. எனவே சாப்பிடும் விதத்தைச் சொல்ல வேண்டுமென்றால் தனிவினை, இல்லையென்றால் 'ஹேவ்' என்று பிரித்துக்கொண்டாலே பெரும்பாலான தடுமாற்றம் தீரும். கொறிப்பதையும் விழுங்குவதையும் தாய்மொழியில் குழப்பிக்கொள்ளாத மாணவருக்கு, இதற்காக நீண்ட பட்டியலை மனப்பாடம் செய்யும் அவசியமில்லை.